ஸ்டீம்ல கேம் போட்டப்போ நான் பட்ட பாடு: பில்ட் ஏத்தப் போறவங்க ஒரு தடவை படிச்சிருங்க

2024 டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை ராத்திரி 11:30. ஸ்டீம் கம்பெனி இருக்கிற அமெரிக்காவுல சியாட்டில் பக்கம் அப்போ காலைல பத்து மணி. ரெண்டரை வருஷமா ஆபீஸ் முடிஞ்சு வந்து உக்காந்து உக்காந்து எழுதின பல்லாங்குழி கேமுக்கு, கம்ப்யூட்டர் கேம் விக்கிற ஆன்லைன் கடையான ஸ்டீம்ல, ரிலீஸ் பட்டனை அமுக்கினேன். அம்மா தூங்காம பக்கத்துலயே சேர் போட்டு உக்காந்திருந்தாங்க. விஷ்லிஸ்ட்ல, அதான் கேம் வந்தா வாங்கலாம்னு குறிச்சு வச்சவங்க லிஸ்ட்ல, 1,140 பேர் இருந்தாங்க, எல்லாருக்கும் மெயில் போயிருக்கும், முதல் அரை மணி நேரத்துல 9 பேர் வாங்கிட்டாங்கன்னு காட்டுச்சு, அப்படியே நெஞ்சு நிறைஞ்சு போச்சு. 12:10க்கு கேமோட டிஸ்கஷன் பக்கத்துல முதல் புகார் வந்துச்சு. "இன்ஸ்டால் பண்ணா சைஸ் 0 பைட்னு காட்டுது, ஓப்பனே ஆகல, பணத்தைத் திருப்பிக் கேட்டுட்டேன்." அடுத்த பத்து நிமிஷத்துல அதே மாதிரி இன்னொண்ணு. என் மெஷின்ல எல்லாம் கச்சிதமா ஓடுது. கை நடுங்க ஆரம்பிச்சது அப்போதான்.

அன்னிக்கு ராத்திரி எனக்கு ஃபோன் பண்ணிக் கேக்க ஒரு ஆள் கிடையாது. எங்க ஊர்ப் பக்கம் இந்த வேலை பார்த்தவங்க யாரையும் எனக்குத் தெரியாது, இங்கிலீஷ்ல டாக்குமென்ட் இருக்கு ஆனா எது முக்கியம் எது சும்மான்னு அதுல தெரியாது. அதனாலதான் ஆரம்பத்துல இருந்து நடந்ததை வரிசையா எழுதிடறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

முதல்ல பேர் விஷயம். ஸ்டீம்ல கேம் விக்கிறவங்களுக்கான தளம் ஸ்டீம்வொர்க்ஸ், அதுல சேரும்போது சட்டப்படி உள்ள பேர், பேங்க் அக்கவுன்ட் பேர், டாக்ஸ் ஃபார்ம்ல உள்ள பேர் மூணும் ஒண்ணா இருக்கணும். நம்ம ஊர்ல அது ஒண்ணா இருக்கிறவங்க எத்தனை பேர்? என் பேருக்கு முன்னாடி அப்பா பேரோட முதல் எழுத்து இனிஷியல். ஸ்கூல் சர்டிபிகேட்ல அப்படித்தான், பேங்க் பாஸ்புக்ல அப்படித்தான். பான் கார்டுல மட்டும் இனிஷியலை விரிச்சு அப்பா பேரை கடைசிப் பேரா போட்டிருக்காங்க. நான் டாக்ஸ் ஃபார்ம்ல பான் கார்டுப் பேரைப் போட்டேன், பேங்க் பக்கத்துல பாஸ்புக் பேரைப் போட்டேன், ரெண்டும் பொருந்தலன்னு நின்னு போச்சு. பேங்க்ல போய் பேர் மாத்தணும்னு கேட்டா கவுன்டர்ல இருந்த மேடம், "ஏன் தம்பி, இவ்வளவு நாள் இந்தப் பேர்லதானே இருக்கு, இப்ப என்ன அவசரம்?"னு கேட்டாங்க, என்னால விளக்கவும் முடியல. லெட்டர், பான் நகல், ஆதார் நகல், திரும்ப ஆதார்ல வேற மாதிரி இருக்குன்னு ஒரு அலைச்சல், மொத்தம் மூணு வாரம் போச்சு. நீங்க கேம் பாதி எழுதும்போதே இந்த மூணு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுத்துக்கு எழுத்து பாத்துக்கோங்க, பான் கார்டுல எப்படி இருக்கோ அப்படியே பேங்க்ல மாத்தி வச்சிருங்க. டாக்ஸ் ஃபார்ம்ல, அதான் டபிள்யூ-8 பென், பான் நம்பரைக் குடுத்து இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தத்தை க்ளெய்ம் பண்ணுங்க. பண்ணலேன்னா அமெரிக்காவுல விக்கிறதுல 30 சதவீதம் பிடிச்சிருவாங்க, பண்ணா 15. ஒரு கட்டத்தை நிரப்புறதுல பாதிக்குப் பாதி மிச்சம்.

கேமுக்கு 100 டாலர் கட்டணும், அன்னிக்கு ரேட்டுக்கு எட்டாயிரத்து நானூறு சொச்சம், அதுக்கு மேல கார்டுக்காரங்க கட்டணம் வேற. ஆயிரம் டாலருக்கு வித்தாத்தான் அந்த நூறு திரும்ப வரும். கார்டு மூணு தடவை ஃபெயில் ஆச்சு. காரணம், நம்ம கார்டுல வெளிநாட்டுப் பரிவர்த்தனை நாமளா ஆன் பண்ணாதான் வேலை செய்யும், பேங்க் ஆப்ல ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். இதுல கவனிக்க வேண்டியது பணத்தை விட நாள் கணக்கு. பணம் கட்டின நாள்ல இருந்து 30 நாள் கழிச்சுத்தான் முதல் கேமை ரிலீஸ் பண்ண விடுவாங்க. ஸ்டோர் பக்கம் "விரைவில்"னு குறைஞ்சது ரெண்டு வாரமாவது வெளிய இருக்கணும். ஸ்டீம்காரங்க சரிபாக்கிற ரிவ்யூ ஸ்டோர் பக்கத்துக்கு ஒண்ணு, பில்டுக்கு, அதாவது ஆடத் தயாரா பண்ணி ஏத்தற கேம் ஃபைல்களுக்கு, தனியா ஒண்ணு, ஒவ்வொண்ணும் 3ல இருந்து 5 வேலை நாள். அந்த வேலை நாள் நம்ம வேலை நாள் இல்ல, அவங்க வேலை நாள். நான் நவம்பர் 25 திங்கட்கிழமை பில்டை ரிவ்யூவுக்குக் குடுத்துட்டு வெள்ளிக்கிழமை வந்துரும்னு காத்திருக்கேன், 28ஆம் தேதி வியாழக்கிழமை அங்க தேங்க்ஸ்கிவிங், பெரிய லீவு, அந்த வாரமே படுத்துருச்சு. அடுத்த வாரம் வந்த பதில் ஃபெயில். ஸ்டோர் பக்கத்துல "முழு கன்ட்ரோலர் சப்போர்ட்"னு டிக் போட்டிருந்தேன், ஆனா ஆட்டம் ஆரம்பிக்கும்போது பேர் எழுதற இடத்துல கீபோர்டு இல்லாம நகர முடியாது. அவங்க சொன்னது நியாயம். கேம்ல உண்மையா இருக்கிறதுக்கு மட்டும் டிக் போடுங்க, அவங்க ஒவ்வொரு டிக்கையும் ஆடிப் பாக்கறாங்க. நான் பேர் எழுதற திரையையே தூக்கிட்டு திரும்பக் குடுத்தேன்.

அப்லோட் வேலை நான் பயந்த அளவு இல்ல. டெவலப்பருக்குக் குடுக்கிற டூல் தொகுப்பான ஸ்டீம்வொர்க்ஸ் எஸ்டிகேக்குள்ள கன்டென்ட் பில்டர்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல ஸ்டீம்சிஎம்டின்னு அப்லோட் பண்ற புரோகிராம், பக்கத்துல விடிஎஃப் ஸ்கிரிப்ட் ஃபைல். எந்த ஃபோல்டர் எந்த டெப்போவுக்கு, அதான் ஸ்டீம்ல ஃபைல்களை வைக்கிற மூட்டைக்கு, போகணும்னு அந்த ஸ்கிரிப்ட்ல எழுதி ஒரு கமாண்டு அடிச்சா ஏறிடும். ரெண்டு மூணு விஷயம் மட்டும் சொல்றேன். ஸ்கிரிப்ட்ல பிரிவ்யூன்னு ஒரு வரி இருக்கு, அதை 1னு வச்சு ஓட்டினா நெட்ல ஏத்தாம எந்தெந்த ஃபைல் போகும்னு லாக் எழுதிக் குடுக்கும். அதை ஒரு தடவை பொறுமையாப் படிங்க, என் லாக்ல பக் தேடறதுக்குன்னு எனக்கு மட்டும் தேவையான பிடிபி ஃபைல் எல்லாம் வாங்கறவங்களுக்குப் போகத் தயாரா இருந்துச்சு, என் சேவ் ஃபைலும் இருந்துச்சு. அப்புறம், பில்ட் ஏத்தறதுக்குன்னு தனியா ஒரு ஸ்டீம் அக்கவுன்ட் ஆரம்பிச்சு அதுக்குத் தேவையான உரிமை மட்டும் குடுங்க, மெயின் அக்கவுன்ட் பாஸ்வேர்டை ஸ்கிரிப்ட்ல எழுதி வைக்காதீங்க. ஸ்கிரிப்ட் மூலமா டெஸ்ட் பண்றவங்களுக்கான பிராஞ்சுக்கு நேரா லைவ் பண்ணலாம், ஆனா வாங்கினவங்க எல்லாருக்கும் போற டீஃபால்ட் பிராஞ்சுக்கு முடியாது, அதுக்கு வெப் பக்கத்துல போய் கையாலதான் பண்ணணும். ரிலீஸ் ஆன கேமா இருந்தா ஃபோன்ல கன்ஃபர்ம் கேக்கும். 2023 அக்டோபர்ல கொண்டு வந்த ரூல் அது, சில டெவலப்பர் அக்கவுன்டைத் திருடி வைரஸ் கலந்த பில்டை ஏத்தினாங்க, அதுக்கப்புறம் வந்தது. அதனால ரிலீஸ் அன்னிக்கு அக்கவுன்ட்ல குடுத்த நம்பர் இருக்கிற ஃபோன் சார்ஜோட உங்க பக்கத்துல இருக்கணும்.

இப்ப அந்த ராத்திரிக்கு வர்றேன்.

0 பைட்னு சொன்ன ரெண்டு பேரும் லினக்ஸ்காரங்க, அதாவது விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் ஓஎஸ் வச்சிருக்கிறவங்க, ஒருத்தர் ஸ்டீம் டெக்ங்கிற கையடக்க கேம் மெஷின்ல ஆடறவர், அதுவும் லினக்ஸ்தான். என் லினக்ஸ் லேப்டாப்ல ஸ்டீம்ல இருந்து டவுன்லோட் பண்ணிப் பாத்தா முழுசா இறங்குது, ஓடுது. ஒரு மணி நேரம் பில்டையே திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருந்தேன், திரும்ப ஏத்தினேன், ஒண்ணும் மாறல. காலைல ரெண்டரை மணிக்குத்தான் கண்ணுல பட்டுச்சு. ஸ்டீம்ல நீங்க ஏத்தறது டெப்போ, வாங்கறவங்க கைக்குப் போறது பேக்கேஜ். எந்தப் பேக்கேஜ்ல எந்த டெப்போ இருக்குன்னு தனியா ஒரு லிஸ்ட். ஒரு கேமுக்கு சாதாரணமா மூணு பேக்கேஜ் இருக்கும். டெவலப்பருக்கு ஒண்ணு, பீட்டா டெஸ்டிங்குக்கு ஒண்ணு, கடையில விக்கிறதுக்கு ஒண்ணு. நான் லினக்ஸ் டெப்போவைக் கடைசில, அக்டோபர்ல, சேர்த்தேன். அப்போ டெவலப்பர் பேக்கேஜ்லயும் பீட்டா பேக்கேஜ்லயும் சேர்த்திருக்கேன், கடைப் பேக்கேஜ்ல சேர்க்கல. என் அக்கவுன்ட் டெவலப்பர் பேக்கேஜ் வச்சிருக்கு. நான் கீ குடுத்து டெஸ்ட் பண்ணச் சொன்ன நாலு ஃப்ரெண்ட்ஸும் பீட்டா பேக்கேஜ். காசு குடுத்து வாங்கினவருக்கு மட்டும் கேம் இல்ல. இதை நினைச்சா இன்னும் எனக்கு வயித்தைக் கலக்குது. லினக்ஸ்ல வாங்கின அத்தனை பேருக்கும் காலி டப்பாவைக் குடுத்திருக்கேன்.

லிஸ்ட்ல ஒரு டிக் போட்டு பப்ளிஷ் பண்ண ரெண்டு நிமிஷம்தான் ஆச்சு. ஆனா அந்த மூணு மணி நேரத்துல பாதி லினக்ஸ்காரங்க ரீஃபண்ட் கேட்டுட்டுப் போயிட்டாங்க. ஸ்டீம்ல வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் கம்மியா ஆடியிருந்தா கேள்வி கேக்காம திருப்பிக் குடுத்துருவாங்க, அது வாங்கறவங்களுக்கு நல்லது, குறை சொல்ல மாட்டேன். என் டெவலப்பர் அக்கவுன்ட்ல ஓடுறதை வச்சு நான் முடிவு பண்ணது தப்பு. நீங்க ரிலீஸுக்கு முந்தின நாள் மூணு பேக்கேஜையும் ஒவ்வொண்ணாத் திறந்து டெப்போ லிஸ்டை ஒரு பேப்பர்ல எழுதி ஒப்பிட்டுப் பாருங்க. ரிலீஸ் பட்டனை அமுக்கின அடுத்த நிமிஷம், உங்க கேமோட எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு அக்கவுன்ட்ல, உங்க தங்கச்சி அக்கவுன்டோ மாமா பையன் அக்கவுன்டோ, காசு குடுத்து வாங்கி ஒவ்வொரு ஓஎஸ்லயும் இன்ஸ்டால் பண்ணிப் பாருங்க. அஞ்சு டாலர் போனாப் போகுது.

விண்டோஸ் பிரச்சினை சனிக்கிழமை காலைல வந்துச்சு. "விசிரன்டைம்140_1 டிஎல்எல் காணோம்"னு ஒருத்தர் ஸ்கிரீன்ஷாட் போட்டிருந்தார். நான் சி++லயும் எஸ்டிஎல்ங்கிற கேம் லைப்ரரிலயும் எழுதினேன், விஷுவல் ஸ்டுடியோங்கிற புரோகிராம் எழுதற டூல்ல பில்ட் பண்ணேன். விஷுவல் ஸ்டுடியோ இருக்கிற மெஷின்ல அந்த டிஎல்எல், அதான் கேம் ஓடத் தேவையான துணை ஃபைல், தானா இருக்கும். டெஸ்ட் பண்ண நாலு பேரும் என்கூட வேலை பாக்கிற புரோகிராமருங்க, அவங்க மெஷின்லயும் இருக்கும். வீட்டுல கேம் மட்டும் ஆடற ஒரு அண்ணன்கிட்டயோ சின்னப் பசங்ககிட்டயோ நான் ஒரு தடவை கூடக் குடுக்கல. ஸ்டீம்வொர்க்ஸ்ல இன்ஸ்டாலேஷன் பக்கத்துல ரன்டைம்னு சொல்ற இந்த மாதிரி பொதுவான துணை ஃபைலுக்கெல்லாம் டிக் பாக்ஸ் இருக்கு, போட்டா ஸ்டீமே முதல் தடவை ஓப்பன் பண்ணும்போது இன்ஸ்டால் பண்ணிக் குடுத்துரும். நான் டிக் போட்டிருந்தேன், சேவும் பண்ணியிருந்தேன். ஆனா ஸ்டீம்வொர்க்ஸ்ல சேவ் வேற, பப்ளிஷ் வேற. சேவ் பண்ணினது உங்க டிராஃப்ட்ல மட்டும்தான் இருக்கும், பப்ளிஷ் டேப்ல போய் அனுப்பினாத்தான் வெளிய போகும். அந்தப் பக்கத்துல "பப்ளிஷ் ஆகாத மாற்றங்கள் இருக்கு"ன்னு எப்பவும் காட்டிட்டே இருக்கும், பாத்துப் பாத்துக் கண்ணு பழகிப் போச்சு. டெய்லி வேலை முடிக்கும்போது அந்தப் பக்கத்தைக் காலியா வச்சுட்டு எழுந்திரிங்க. நான் அப்புறமா ரன்டைமை கேம் ஃபைலுக்குள்ளயே சேர்த்து (ஸ்டாட்டிக் லிங்க்) பில்ட் பண்ணிட்டேன், அந்தக் கவலையே வேண்டாம்னு. சுத்தமான மெஷின் இல்லாதவங்க விண்டோஸ் ப்ரோ இருந்தா விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் ஆன் பண்ணிக்கோங்க, ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் புதுசா இன்ஸ்டால் பண்ண விண்டோஸ் மாதிரியே வரும். பில்ட் ஃபோல்டரை அதுக்குள்ள காப்பி பண்ணி டபுள் கிளிக் பண்ணா அஞ்சு நிமிஷத்துல என் பிரச்சினை தெரிஞ்சிருக்கும்.

லினக்ஸ்ல அடுத்தது ஜிலிப்சி, பெரும்பாலான புரோகிராம் நம்பியிருக்கிற அடிப்படை லைப்ரரி. நான் உபுண்டுங்கிற லினக்ஸோட 24.04 வெர்ஷன்ல பில்ட் பண்ணேன், 22.04 வச்சிருக்கிறவருக்கு "ஜிலிப்சி 2.38 இல்ல"ன்னு நின்னுருச்சு. புதுசுல பில்ட் பண்ணது பழசுல ஓடாது, பழசுல பண்ணது புதுசுல ஓடும். இதுக்காகவே ஸ்டீம் ரன்டைம்னு டெபியன் 11ங்கிற பழைய லினக்ஸ் அடிப்படையில ஸ்னைப்பர்னு ஒரு கன்டெய்னர், அதான் தனியா ஓடுற ஒரு பில்ட் சூழல், இலவசமா குடுக்கறாங்க, அதுக்குள்ள பில்ட் பண்ணுங்க, வேற யோசிக்க வேண்டாம்.

ஒரு பக் மட்டும் என்னை நாலு நாள் அலைய விட்டுச்சு, ஆனா அதுல நான் நிறைய கத்துக்கிட்டேன். ஒருத்தர் ரஷ்யாக்காரர், ரொம்பப் பொறுமையா எழுதியிருந்தார், ஆட்டம் நல்லா இருக்கு, ஆனா மூடித் திறந்தா முதல்ல இருந்து ஆரம்பிக்குது, சேவ் ஆகலன்னு. எனக்கு ஆகுது. எல்லாருக்கும் ஆகுது. அவர்கிட்ட சேவ் ஃபோல்டரோட பாத்தை அனுப்பச் சொன்னேன், அவரோட விண்டோஸ் யூசர் பேர் ரஷ்ய எழுத்துல இருந்துச்சு. உடனே என் மெஷின்ல தமிழ் எழுத்துல ஒரு யூசர் அக்கவுன்ட் புதுசா உருவாக்கி, "குழி"ன்னு பேர் வச்சு, கேமை ஓட்டினேன். சேவ் ஆகல. எஸ்டிஎல் சேவ் பாத்தை யுடிஎஃப்-8ங்கிற எல்லா மொழி எழுத்துக்குமான என்கோடிங்ல குடுக்குது, நான் அதை எடுத்து விண்டோஸ்ல ஃபைல் திறக்கிற சாதா எஃப்ஓப்பன் ஃபங்ஷன்ல குடுத்திருக்கேன், அது வேற என்கோடிங்ல படிச்சு இல்லாத ஃபோல்டரைத் தேடுது. எஸ்டிஎல்லோட சொந்த ஃபைல் ஃபங்ஷனை உபயோகிச்சதும் சரியாச்சு. எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு தெரியுமா, தமிழ் கேம் எழுதறேன், ஒரு தமிழன் தன் பேரைத் தமிழ்ல வச்சிருந்தா அவன் ஆட்டம் சேவ் ஆகாது, அதை ரஷ்யாவுல இருந்து ஒருத்தர் சொல்லித்தான் எனக்குத் தெரியுது. இப்ப ஒவ்வொரு பில்டையும் அந்த "குழி" அக்கவுன்ட்லதான் முதல்ல ஓட்டறேன்.

திருத்தின பில்டை ஏத்தும்போது இன்னொரு அடி. நான் படம், சவுண்ட் எல்லாத்தையும் ஒரே பெரிய ஃபைலா கம்ப்ரெஸ் பண்ணி வச்சிருந்தேன், 1.4 ஜிபி. ஒரே ஒரு வரி மாத்தினதுக்கு வாங்கினவங்களுக்கு 1.1 ஜிபி அப்டேட். மூணு நாள்ல நாலு அப்டேட் விட்டேன், மொபைல் டேட்டாவுல ஆடற ஒரு நம்ம ஊர்த் தம்பி, "அண்ணா என் ஒரு நாள் டேட்டா முழுக்க உங்க கேமுக்கே போகுது"ன்னு எழுதினான். ஸ்டீம் ஃபைலை ஒரு எம்பி துண்டு துண்டா வெட்டி, மாறின துண்டை மட்டும்தான் அனுப்பும். நாம முன்னாடியே கம்ப்ரெஸ் பண்ணிட்டா உள்ள ஒரு எழுத்து மாறினாலும் அதுக்குப் பின்னாடி உள்ள துண்டு பூரா மாறிடும். ஸ்டீமே அனுப்பும்போது சுருக்கிக்கும், நாம பண்ண வேண்டியதில்ல. படம் தனி, சவுண்ட் தனி, லெவல் தனின்னு சுருக்காம பிரிச்சு வச்சேன், அடுத்த அப்டேட் 6 எம்பி.

இது எதையும் வெள்ளிக்கிழமை ராத்திரி பண்ணியிருக்கக் கூடாது. சனி ஞாயிறு அங்க சப்போர்ட்ல ஆள் இல்ல, எனக்கும் உதவிக்கு ஆள் இல்ல, மூணு ராத்திரி சேர்த்து எட்டு மணி நேரம் கூடத் தூங்கல. செவ்வாய், புதன் மாதிரி நாள் பாத்துக்கோங்க. லான்ச் டிஸ்கவுன்ட் வேணும்னா பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடியே செட் பண்ணுங்க, விட்டுட்டா முதல் 30 நாள் வேற டிஸ்கவுன்ட் குடுக்க முடியாது. நான் நல்ல வேளையா அதை மட்டும் மறக்கல, 15 சதவீதம் போட்டிருந்தேன். மேக்குக்கு நான் போகவே இல்ல, ஆப்பிள் டெவலப்பர் கணக்கு வருஷத்துக்கு 99 டாலர், டிஜிட்டலா சைன் பண்ணி ஆப்பிள்கிட்ட சரிபார்ப்பு (நோட்டரைஸ்) வாங்காத ஆப்பை மேக் சந்தேகத்தோடதான் பாக்கும், அந்தச் செலவை நான் இப்போதைக்குத் தாங்க மாட்டேன்.

கணக்குச் சொல்லணும்னா, முதல் மூணு நாள்ல 61 பேர் வாங்கி 23 பேர் திருப்பிட்டாங்க. விஷ்லிஸ்ட் மெயிலைப் பாத்து வந்தவங்க பெரும்பாலும் அந்த மூணு நாள்ல வந்தவங்கதான், ரிலீஸ் மெயில் ஒரு தடவைதான் போகும், அந்தக் கூட்டம் எனக்குத் திரும்பக் கிடைக்கல. பத்து ரிவ்யூ சேர்ந்தாத்தான் கேம் பக்கத்துல மதிப்பீடு தெரியும், எனக்கு பத்து சேர்ந்தப்போ அதுல ஆறு கெட்டது. திட்டினவங்க ஒவ்வொருத்தர் ரிவ்யூவுக்குக் கீழயும் என்ன தப்பு, எந்த அப்டேட்ல சரி பண்ணேன்னு மட்டும் எழுதினேன், சாக்குச் சொல்லல. நாலு பேர் திரும்ப வந்து ஆடிப் பாத்துட்டு ரிவ்யூவை மாத்தினாங்க. அந்த ஸ்டீம் டெக்காரர், ரீஃபண்ட் வாங்கினதுக்கப்புறம் திரும்பக் காசு குடுத்து வாங்கினார். அதைப் பாத்து நான் அழுதுட்டேன்.

பணம் மாசம் முடிஞ்சு அடுத்த மாசக் கடைசிலதான் அனுப்புவாங்க, 100 டாலருக்கு மேல சேர்ந்திருந்தா. என் டிசம்பர் பணம் ஜனவரிக் கடைசில வந்துச்சு, ஸ்டீம் பங்கு, ரீஃபண்ட், வரி எல்லாம் போக 163 டாலர், இடையில இருந்த பேங்க் ஒரு தொகை பிடிச்சது போகக் கைக்குப் பன்னண்டாயிரத்துச் சொச்சம். அதே மேடம் ஃபோன் பண்ணி, "தம்பி, அமெரிக்காவுல இருந்து பணம் வந்திருக்கு, எதுக்குன்னு பர்ப்பஸ் கோட் எழுதிக் குடுங்க"ன்னாங்க. இந்தத் தடவை ஸ்டீம் அனுப்பின பேமென்ட் ரிப்போர்ட்டை பிரின்ட் எடுத்துட்டுப் போயிருந்தேன், கேமையும் ஃபோன்ல வீடியோவாக் காட்டினேன். "பல்லாங்குழியா? எங்க ஆச்சி புளியங்கொட்டை வச்சு ஆடுவாங்க"ன்னு சொல்லிட்டு அவங்களே எந்தக் கோட் போடணும்னு பாத்து எழுதிக் குடுத்தாங்க. வெளிநாட்டுல இருந்து பணம் வந்ததுக்கு பேங்க் குடுக்கிற அந்த ரசீதை ஒவ்வொரு மாசமும் கேட்டு வாங்கி ஃபைல்ல போட்டு வைங்க, வருமான வரி கட்டும்போது ஆடிட்டர் முதல்ல அதைத்தான் கேட்டார்.